அருகில் இருக்கும் ஆஸ்பத்திரியா, ஆயத்தமாக இருக்கும் ஆஸ்பத்திரியா?

வீட்டில் யாருக்காவது திடீரென்று உடம்புக்கு வந்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? எந்த ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கிறதோ, அதைப் பார்த்து ஓடுவோம். அது மனித சுபாவம். வீடு பற்றி எரியும்போது, பக்கத்துக் கிணற்றை விட்டுவிட்டு ஊர்க்கோடியிலுள்ள குளத்துக்கு யாராவது குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்களா?

போகமாட்டார்கள்தான். ஆனால் பக்கத்துக் கிணற்றில் ராட்டினம் இல்லை, கயிறு இல்லை, வாளியும் இல்லை என்றால்? கிணறு கிட்டத்தில் இருந்து என்ன பிரயோசனம்?

பக்கவாதம் என்ற பொல்லாத வியாதியைப் பற்றி, இந்தக் கேள்வியை உலகத்தில் சில நகரங்கள் தங்களுக்குத் தாங்களே கேட்டுக்கொண்டன. "பக்கவாத நோயாளியை ஏற்றுக்கொள்ளும் ஆஸ்பத்திரியில் என்னென்ன இருக்கவேண்டும்? எத்தனை நிமிஷத்தில் என்ன நடக்கவேண்டும்?" என்று ஒரு ஜாபிதா தயாரித்தன. அந்த ஜாபிதாவில் தேறாத ஆஸ்பத்திரி அடுத்த தெருவிலேயே இருந்தாலும் அதைத் தாண்டிக்கொண்டு போகும்படி ஆம்புலன்ஸ் வண்டிகளுக்குச் சொல்லிவிட்டது லண்டன் மாநகரம்.

அடுத்த தெரு ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போவதா! கேட்பதற்கே திக்கென்று இருக்கிறது அல்லவா? ஆனால் அப்படித் தாண்டிப் போனதனால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். கதை நடந்தது கடல் கடந்த தேசங்களில். ஆனால் அதன் பாடம் நம் வீட்டுக் கூடத்துக்கும் பொருந்தும்.

மூளை பொறுக்காது

நம் உடம்பின் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் இதயம் அனுப்புகிற ரத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. கை, கால்கள் சிறிது நேரம் ரத்த ஓட்டமில்லாமல் இருந்தாலும் மரத்துப்போய் மறுபடி சரியாகிவிடும். மூளை அப்படியல்ல. அதற்குப் பட்டினி கிடந்து பழக்கமில்லை.

பாரிச வாயு என்று பாட்டிமார் சொல்லும் பக்கவாதம் இரண்டு விதமாக வரும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி வந்து அடைத்துக்கொள்வது ஒரு விதம்; இதுதான் அதிகம். ரத்தக் குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது மற்றொரு விதம். வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அதே கோணிய வாய், அதே துவண்ட கை, அதே குழறிய பேச்சு. எத்தனை கைதேர்ந்த டாக்டரானாலும் நாடியைப் பிடித்துப் பார்த்து இன்னது என்று நிச்சயமாகச் சொல்லமுடியாது. ஸ்கேன் எடுத்துத்தான் தீரவேண்டும்.

2006-ம் வருஷம் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் டாக்டர் ஒரு கணக்குப் போட்டார். மூளையின் பெரிய ரத்தக் குழாய் ஒன்று அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்றார். அப்படியானால், காலையில் காபிக்கு டிகாக்‌ஷன் இறங்குகிற பத்து நிமிஷத்தில் 1 கோடியே 90 லட்சம்! இழந்தது ரூபாயாக இருந்தால் மறுபடியும் சம்பாதிக்கலாம். மூளையணு விஷயத்தில் அந்தப் பேச்சே கிடையாது.

மருந்தில்லாமல் ஒரு மருந்து

ஆஸ்பத்திரியின் ஏற்பாடே ஒரு மருந்து ஆகுமா? ஆகும் என்று காட்டியது நார்வே தேசம். அங்கே ட்ரொண்ட்ஹைம் என்ற ஊரில் பக்கவாதம் கண்டவர்கள் 220 பேரைச் சீட்டுப் போட்டது போல இரண்டு பங்காகப் பிரித்தார்கள். 110 பேர் வழக்கமான பொது வார்டுக்குப் போனார்கள். மற்ற 110 பேர் பக்கவாதத்துக்கென்றே ஏற்படுத்திய தனி வார்டுக்குப் போனார்கள். தனி வார்டில் மாயம் மந்திரம் ஒன்றுமில்லை. இந்த வியாதியைப் பற்றிப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் இருந்தார்கள். நோயாளியைச் சீக்கிரமே எழுப்பி உட்கார வைத்தார்கள், நடக்கப் பழக்கினார்கள். டாக்டரும் நர்ஸும் தேகப்பயிற்சி கொடுப்பவரும் ஒன்றாக உட்கார்ந்து கலந்து பேசினார்கள். அவ்வளவுதான்.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், தனி வார்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் வீடு திரும்பியிருந்தார்கள். பொது வார்டில் இருந்தவர்களில் 33 பேர்தான்! இந்த முடிவு 1991-ல் வெளியாயிற்று. பிறகு பல தேசங்களில் நடந்த பரீட்சைகளும் இதையே உறுதிப்படுத்தின.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம், சாப்பாடு. பக்கவாதம் வந்தவருக்குப் பல சமயம் விழுங்கும் சக்தி பழுதாகிவிடுகிறது. கொடுத்த தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக் குழாய்க்குள் இறங்கும், நிமோனியா காணும். வந்த வியாதியில் தப்பியவர் இதில் போய்விடுவதுண்டு. ஆகவே நல்ல வார்டில், விழுங்க முடிகிறதா என்று பயிற்சி பெற்ற நர்ஸ் பரீட்சை செய்து பார்க்கும் வரையில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். இந்தப் பரீட்சைக்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. தெரிந்த ஒருவர் அங்கே இருக்கவேண்டும், மறக்காமல் செய்யவேண்டும். தரம் என்பது முக்கால்வாசி இதுதான்.

இருபுறமும் கூரான கத்தி

1995-ம் வருஷம் டிசம்பரில் ஒரு நற்செய்தி வந்தது. அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நடத்திய ஆராய்ச்சியில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஒன்றை மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தினால், மூன்று மாதம் கழித்து ஊனம் அதிகமில்லாமல் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 30 பங்காவது கூடுகிறது என்று தெரிந்தது. ஆல்ட்டிபிளேஸ் என்பது அந்த மருந்தின் பெயர். 1996-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. 2008-ல் ஐரோப்பாவில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி, அந்தக் கெடுவை நாலரை மணி வரை நீட்டலாம் என்று காட்டியது.

ஆனால் இந்த மருந்து இருபுறமும் கூரான கத்தி. கட்டியைக் கரைக்கிற மருந்து, கசிகிற ரத்தத்தை உறையவும் விடாது. 1995 ஆராய்ச்சியிலேயே, எத்தனையோ ஜாக்கிரதையாக இருந்தும், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்து நிலைமை மோசமாயிற்று. ரத்தக் குழாய் வெடித்து வந்தவருக்குத் தவறிப்போய் இதைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆராய்ச்சிக்கூடத்து ஜாக்கிரதை ஊர் ஆஸ்பத்திரிகளில் இருந்ததா? அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்திலுள்ள கிளீவ்லாந்து வட்டாரத்தில் இதைக் கணக்கெடுத்தார்கள். 1997 ஜூலை முதல் 1998 ஜூன் வரை, 29 ஆஸ்பத்திரிகளுக்கு அடைப்பினால் பக்கவாதம் கண்டு வந்தவர்கள் 3,948 பேர். மருந்து கிடைத்தது 70 பேருக்கு! அந்த 70 பேரிலும் 11 பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. அதாவது நூற்றுக்குப் பதினாறு பேர் போல. மருந்து என்னவோ அதே மருந்துதான். பின் ஏன் இப்படி? பார்த்தால், பாதிப் பேர் விஷயத்தில் விதிமுறை மீறப்பட்டிருந்தது. சிலருக்கு நேரம் கடந்த பிறகு கொடுத்திருந்தார்கள். சிலருக்கு, கூடவே கொடுக்கக் கூடாத வேறு மருந்துகளையும் கொடுத்திருந்தார்கள்.

அதே ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக் குழுமம் விழித்துக்கொண்டது. விதிமுறைகளை எழுதி வைத்து, பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் சரிபார்த்தது. 2003-ல் வெளியான கணக்கின்படி, விதிமுறை மீறல் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ரத்தக் கசிவும் நூற்றுக்கு 6 பேராக இறங்கிவிட்டது. மருந்தை மாற்றவில்லை, ஊரை மாற்றவில்லை. முறையை மட்டும் மாற்றினார்கள்.

கல்யாண வீட்டு ஜாபிதா

கல்யாண வீட்டில் முகூர்த்த நேரம் வந்தபிறகு "திருமாங்கல்யம் எங்கே? மஞ்சள் எங்கே?" என்று தேடினால் எப்படி இருக்கும்? அதனால்தான் ஒரு மாதம் முன்பே பெரியவர்கள் ஜாபிதா எழுதுகிறார்கள். பக்கவாதச் சிகிச்சைக்கும் முகூர்த்தம் உண்டு. அதற்கும் ஒரு ஜாபிதா வேண்டாமா?

2000-ம் வருஷம் அமெரிக்காவில் பல வைத்திய சங்கங்கள் கூடிய ஒரு குழு அந்த ஜாபிதாவை எழுதி வெளியிட்டது. நோயாளி வந்த பதினைந்து நிமிஷத்துக்குள் பக்கவாதம் பற்றித் தெரிந்த டாக்டர் குழுவில் ஒருவராவது படுக்கையருகில் நிற்கவேண்டும். ஸ்கேன் எடுக்கும்படி எழுதிய இருபத்தைந்து நிமிஷத்துக்குள் அதை எடுத்து முடிக்கவேண்டும். எடுத்த இருபது நிமிஷத்துக்குள் அதைப் பார்க்கத் தெரிந்தவர் பார்த்துச் சொல்லவேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு நாற்பத்தைந்து நிமிஷத்தில் வரவேண்டும். மண்டையைத் திறக்க நேர்ந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அறுவை டாக்டர் கிடைக்கவேண்டும். இவையெல்லாம் பகலில் மட்டுமல்ல. தீபாவளியன்று இரவு இரண்டு மணி என்று நம் வழக்கில் சொல்வோமே, அப்படிப்பட்ட வேளையிலும் நடக்கவேண்டும். கடைசியாக, நடந்ததையெல்லாம் புத்தகத்தில் பதிந்து வைக்கவேண்டும்.

2003-ம் வருஷக் கடைசியிலிருந்து, இந்த ஜாபிதாவை ஒட்டி ஆஸ்பத்திரிகளை நேரில் பரிசீலித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கமும் அமெரிக்காவில் வந்தது.

இதெல்லாம் காகிதத்தில் எழுதலாம், நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குப் பின்லாந்தின் தலைநகரமான ஹெல்சிங்கி பதில் சொல்லியிருக்கிறது. அங்கே பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 1998-ல், நோயாளி வாசலில் நுழைந்து மருந்து ஏறுவதற்கு 105 நிமிஷம் ஆயிற்று. 2011-ல் 20 நிமிஷம்! எப்படிக் குறைத்தார்கள்? ஆம்புலன்ஸ் புறப்படும்போதே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள். வண்டி வந்து சேர்வதற்குள் நோயாளியின் பழைய விவரங்களை டாக்டர் பார்த்து வைத்துக்கொள்வார். வந்தவரை வார்டில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பதில்லை. ஆம்புலன்ஸ் படுக்கையோடு நேரே ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். மருந்தும் அங்கேயே தயாராக இருக்கும். இதில் எதுவும் பெரிய விஞ்ஞானமல்ல. அடுப்பு மூட்டுவதற்கு முன்பே காயை நறுக்கி வைத்துக்கொள்ளும் சமையல்காரியின் புத்திதான்.

லண்டன் செய்த துணிச்சல்

ஒரு ஆஸ்பத்திரி இப்படிச் சீர்திருந்தலாம். ஒரு மாநகரம் முழுவதையும் சீர்திருத்துவது எப்படி? அதுதான் லண்டனின் கதை.

அப்போது சுமார் 80 லட்சம் ஜனங்கள் வசித்த அந்த நகரத்தில் ஏறக்குறைய முப்பது ஆஸ்பத்திரிகள் பக்கவாத நோயாளிகளை ஏற்றுக்கொண்டிருந்தன. சிலவற்றில் சிகிச்சை மிக நன்றாக இருந்தது, சிலவற்றில் இல்லை. நோயாளியின் அதிர்ஷ்டம், அவர் எந்தப் பேட்டையில் விழுந்தார் என்பதைப் பொறுத்திருந்தது. 2007-ல் ஆரா டார்சி என்ற பிரபல அறுவை டாக்டர் லண்டன் வைத்திய வசதிகளைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். பக்கவாதத்துக்குச் சில ஆஸ்பத்திரிகளையே தேர்ந்தெடுத்து, அவற்றை இரவும் பகலும் ஆயத்தமாக வைக்கவேண்டும் என்பது அதிலிருந்த யோசனைகளில் ஒன்று. 2009-ல் பொது ஜனங்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள்.

ஆட்சேபம் எழாமல் இருக்குமா? "எங்கள் பேட்டை ஆஸ்பத்திரியின் வாசலைத் தாண்டி எங்கள் தாயாரைக் கொண்டு போவதாவது! வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?" என்ற பயம் நியாயமானதுதான். அதற்குப் பதிலாக இரண்டு உறுதிகள் தரப்பட்டன. ஒன்று: நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் முப்பது நிமிஷ ஆம்புலன்ஸ் பயணத்துக்குள் ஒரு மையம் இருக்கும். மற்றொன்று: ஆபத்தான முதல் 72 மணி நேரம்தான் அங்கே, அபாயம் நீங்கியதும் வீட்டுக்கு அருகிலுள்ள பக்கவாத வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். பெற்றவரைப் பார்க்க மூன்று பஸ் மாறிப் போகவேண்டிய கஷ்டம் நெடுநாள் இராது.

எட்டு ஆஸ்பத்திரிகள் மையங்களாயின: சேரிங் கிராஸ், கிங்ஸ் காலேஜ், நார்த்விக் பார்க், ராயல் லண்டன், செயின்ட் ஜார்ஜ், யூனிவர்சிடி காலேஜ், ராம்ஃபோர்டிலுள்ள குவீன்ஸ், லண்டனின் தென்கிழக்குக் கோடியிலுள்ள பிரின்சஸ் ராயல். இவை தவிர, தொடர்ந்து கவனிக்க 24 வார்டுகள். சில ஆஸ்பத்திரிகளில் பக்கவாதச் சிகிச்சை அடியோடு நிறுத்தப்பட்டது. ஒரு படுக்கைக்கு இத்தனை நர்ஸ் என்பதுவரை திட்டமாக எழுதியிருந்தார்கள். மையங்களில், மாறி மாறி வரும் முறைகளையெல்லாம் சேர்த்து, படுக்கைக்கு ஏறத்தாழ மூன்று நர்ஸ்! இதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் செய்தார்கள். பக்கவாதச் சிகிச்சைக்கு அரசாங்கம் கொடுக்கும் கூடுதல் பணம், விதித்த தரம் இருந்தால்தான் வரும். தரம் இல்லை, கூடுதல் பணமும் இல்லை.

2010 ஜூலை முதல் ஏற்பாடு முழுமையாக அமலுக்கு வந்தது. 2014-ல் ஆராய்ச்சியாளர்கள் இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டுக் கணக்கு வெளியிட்டார்கள். மற்ற இடங்களிலும் பக்கவாத மரணம் குறைந்துகொண்டுதான் வந்தது. அதற்கும் மேலாக லண்டனில் குறைந்தது எவ்வளவு? வருஷத்துக்கு 96 உயிர்! 96 வீடுகளில் விளக்கு அணையாமல் காத்த ஏற்பாடு அது.

பாதிக் கிணறு தாண்டிய மான்செஸ்டர்

அதே 2010-ல் மான்செஸ்டர் வட்டாரமும் இதே காரியத்தில் இறங்கியது. ஆனால் அங்கே எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்த்தார்கள். மூன்று மையங்கள் ஏற்படுத்தினார்கள். வியாதி கண்டு நாலு மணி நேரத்துக்குள் இருப்பவர்களை மட்டும் மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றவர்கள் அந்தந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்று விதி செய்தார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பலன்? ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறைந்தன. ஆனால் மரணம், மற்றப் பகுதிகளைவிட அதிகமாகக் குறையவில்லை. லண்டனில் நூற்றுக்கு 93 நோயாளிகள் மையங்களில் சிகிச்சை பெற்றார்கள். மான்செஸ்டரில் 39 பேர்தான். காரணம் எளிது. தூங்கி எழுந்ததும் கை விழுந்து கிடந்தவருக்கு வியாதி எத்தனை மணிக்கு வந்தது என்று ஆம்புலன்ஸ்காரர் எப்படிச் சொல்வார்? லண்டன் விதியில் இந்தத் தலைவலியே இல்லை. பக்கவாதமா? மையத்துக்குப் போ! அவ்வளவுதான்.

மான்செஸ்டர் பிடிவாதம் பிடிக்கவில்லை. கணக்கைப் பார்த்தது; 2015-ல் விதியை மாற்றியது. எல்லா நோயாளிகளும் மையத்துக்கே என்று ஆயிற்று. மையத்தில் சிகிச்சை பெற்றவர்கள் நூற்றுக்கு 86 ஆக உயர்ந்தார்கள். அங்கே சிகிச்சை பெற்றவர்களிடையே மரணமும் குறைந்தது என்று 2019-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது.

கணக்கு எடுத்திராவிட்டால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? இங்கிலாந்தில் 2013 முதல், ஆஸ்பத்திரிகளின் பக்கவாத வார்டுகளுக்கு ஏ முதல் ஈ வரை மார்க்குப் போட்டுப் பகிரங்கமாக வெளியிடுகிறார்கள். ஸ்கேன் எத்தனை நேரத்தில் எடுத்தார்கள், விழுங்கும் பரீட்சையைச் செய்தார்களா, வார்டில் படுக்கை எப்போது கிடைத்தது என்று எல்லாம் அதில் வந்துவிடும். பையனின் பிராக்ரஸ் ரிப்போர்ட்டைத் தகப்பனார் பார்ப்பது போல, ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட்டை ஊரே பார்க்கிறது. ஈ வாங்கிய ஆஸ்பத்திரிக்கு அடுத்த தடவையாவது ஏறவேண்டும் என்ற வெட்கம் வருமா, வராதா?

நகரத்துக்குச் சரி, சிற்றூருக்கு?

லண்டனில் முப்பது நிமிஷத்தில் மையத்துக்குப் போகலாம். மலையும் வயலுமாகப் பரந்து கிடக்கும் சிற்றூர்களில் என்ன செய்வது? இதற்கு ஜெர்மனியிலுள்ள பவேரியா வழி காட்டியது. 2003-ல் அங்கே 12 சிற்றூர் ஆஸ்பத்திரிகளை மியூனிக், ரேகன்ஸ்பர்க் ஆகிய இரு நகரங்களின் பக்கவாத மையங்களோடு டெலிவிஷன் மூலம் இணைத்தார்கள். சிற்றூரில் படுத்திருக்கும் நோயாளியை மியூனிக்கில் இருக்கும் நிபுணர் திரையில் பார்ப்பார். ஸ்கேன் படத்தையும் பார்ப்பார். மருந்து கொடுக்கலாமா என்று சொல்வார். இதோடு விடவில்லை. ஒவ்வொரு சிற்றூர் ஆஸ்பத்திரியிலும் பக்கவாதத்துக்குத் தனி வார்டு ஏற்படுத்தினார்கள். நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளையும் சேராத ஆஸ்பத்திரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து இறந்தோ, கடுமையான ஊனத்தோடோ இருந்தவர்கள் சேராத ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 54, சேர்ந்தவற்றில் 44. ஆகவே தரம் வைப்பது என்றால் சின்ன ஆஸ்பத்திரிகளை மூடுவது என்று அர்த்தமல்ல. தேற முடியாததைத் தேறும்படி செய்வதும் தரம்தான்.

ஜாபிதாவும் ஒரே மாதிரி இருந்துவிடாது. 2015-ல் ஒரு புது வழி நிரூபணமாயிற்று. தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளையில் அடைத்திருக்கும் கட்டியை அப்படியே இழுத்து எடுத்துவிடுகிறார்கள். தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையில்கூட இது பலன் தரும் என்று 2018-ல் தெரியவந்தது. "அப்படியானால் ஒரு நாள் அவகாசம் இருக்கிறதே!" என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த பாக்கியம் யாருக்கு உண்டு என்பதையும் ஸ்கேன்தான் சொல்லும். தாமதித்த ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்தான்.

வீட்டுக்கும் ஒரு ஜாபிதா

ஆஸ்பத்திரிக்குத் தரம் விதித்துவிட்டோம். வீட்டுக்கு? சகோதரிகள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்கவேண்டும். ஏனென்றால், வீட்டிலுள்ளவர்களின் முகத்தில் தோன்றும் சின்ன மாறுதலை முதலில் கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள்தான். "அண்ணி, அம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறதே, பார்த்தீர்களா?" என்ற ஒரு கேள்வி, எத்தனையோ டாக்டர்கள் சேர்ந்து செய்யும் வேலையைத் தொடங்கி வைக்கிறது.

முகம், கை, பேச்சு - இந்த மூன்றையும் பாருங்கள். சிரிக்கச் சொன்னால் முகம் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தணிந்து விழுகிறதா? பேச்சுக் குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும். நாலாவதாகச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். அவர் கடைசியாகச் சுகமாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அந்தப் பதிலை வைத்துத்தான் மருந்து கொடுக்கலாமா, கூடாதா என்பதே தீர்மானமாகும்.

"கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். காபி, சோடா, மாத்திரை ஒன்றும் வாயில் கொடுக்காதீர்கள். காரணத்தை மேலே சொல்லிவிட்டோம். ஆஸ்பிரின்கூட வேண்டாம். வந்திருப்பது அடைப்பா, கசிவா என்று நமக்குத் தெரியாதே! தைலம் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் தானாகவே சரியாகிவிட்டாலும் டாக்டரிடம் உடனே போகத்தான் வேண்டும். பெரிய இடி வருவதற்கு முன்பு தெரியும் மின்னல் அது.

தமிழ்நாட்டில் 108-க்கு டெலிபோன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். "பக்கவாதம் போல இருக்கிறது" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கூப்பிடுங்கள். அவர் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துச் சீட்டுக்களைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவரானால் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு காரியம், இதை எல்லோரும் சுகமாக இருக்கும் இன்றைக்கே செய்யவேண்டும். உங்கள் ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளில் நாலு கேள்வி கேட்டு வையுங்கள். ராத்திரியிலும் ஸ்கேன் எடுப்பார்களா? கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கத் தெரிந்த டாக்டர் எந்த நேரமும் கிடைப்பாரா? பக்கவாதத்துக்குத் தனி வார்டு உண்டா? கட்டியை இழுத்து எடுக்கும் வசதி அங்கேயே உண்டா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவார்கள்? கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அரை கிலோ வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற நாம், உயிர் விஷயத்தில் நாலு கேள்வி கேட்டால் என்ன தப்பு? பதிலைக் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி மாட்டுங்கள்.

கேட்கிறவர்கள் பெருகினால் ஆஸ்பத்திரிகளும் பதில் சொல்லத் தயாராகிவிடும். லண்டனில் நடந்ததும் அதுதான். அங்கே கேள்வியை அரசாங்கம் கேட்டது. இங்கே முதல் கேள்வியை நாம் கேட்டால் என்ன?